முப்பத்திரண்டு பாதம்

உயரம் பாய்தலில் ஒரு உயரத்துக்கு மூன்று சந்தர்ப்பம். மாவட்டப் போட்டியில் துஷாந்தி இரண்டைத் தவறவிட்டாள். மூன்றாவதும் போனால் மாகாணப் போட்டி இல்லை. அடுத்த வருடம் வயதெல்லையும் கடந்துவிடும். தர்மபுரத்துப் பயிற்சியில் தினமும் தாண்டுகிற உயரம்தான். அன்று என்னவோ, நன்றாக எழும்பிவிட்டு இறங்கும்போது குறுக்குத் தடிமேலேயே விழுந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாய்ந்து பழகியதை வைத்துத்தான் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் எதிலும் பயம். மற்றவர்கள் உடம்பு சூடாக ஒரு தடவை வோம் அப் செய்வித்தால் நான் இரண்டு தடவை. அன்று மூன்றாவது தடவையும் அதற்குக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, கால் விறைச்சுப்போச்சு. இன்னொருக்கா முழங்காலைத் தூக்கி ஓடு."

"இனியும் சூடாக்கினா என்னில தோசை சுடலாம், மாஸ்டர்."

"பகிடி விடாத. தண்ணி குடிச்சனியோ? லேஸ் கட்டினனியோ?"

"ஓம். நீங்கள் மூச்சு விட்டனீங்களோ?"

நடுவராக நின்ற ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எட்டத்தில இருந்து எழும்புறன், மாஸ்டர். மார்க் பிழை."

"அது பிழைக்காது. நான் அளந்தது. முப்பத்திரண்டு பாதம்."

அவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மார்க் என்பது ஓட்டம் தொடங்கும் இடம். அதைக் கம்பத்திலிருந்து பாதத்துக்கு முன் பாதம் வைத்து அளப்போம். அவள் எண்ணினால் பிசகும் என்ற பயத்தில் எப்போதும் நானே அளப்பேன், வெறுங்காலோடு. அன்று செருப்போடு மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்று பயந்து, மச்சானின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அது எனக்கு இரண்டு அளவு பெரிது. மார்க் இரண்டு முழத்துக்கு மேல் பின்னால் போயிருந்தது.

சப்பாத்தைக் கழற்றி மறுபடி அளக்கலாம் என்று குனிந்து லேஸை இழுத்தேன். ஒன்று கழன்றது, மற்றதன் முடிச்சு இறுகியது. அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஒரு நிமிசந்தான் இருக்கு, பிள்ளை" என்றார் ரீச்சர்.

"விடுங்கோ மாஸ்டர். என்ர காலுக்கு முப்பத்தேழு."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்கள் அங்கால போற நேரமெல்லாம் எண்ணிப் பாத்தனான். உங்கட பதட்டத்துக்கு ஒருநாள் தேவைப்படும் எண்டு தெரியும்."

தானே அளந்து மார்க் வைத்தாள், ஓடினாள், எழும்பினாள். தடி அசையவே இல்லை. நான் ஒரு சப்பாத்தோடு நின்று கைதட்டினேன்.

இளம் பயிற்சியாளர்களுக்குச் சொல்வது இதுதான்: பாய்கிறவரின் மார்க்கைப் பாய்கிறவரே அளக்கட்டும். நமது பயத்தை அவர்கள் காலில் கட்டக்கூடாது. நானும் அதைக் கடைப்பிடிக்கிறேன். மாகாணப் போட்டியன்று அவள் அளக்கும்போது சற்றுத் தள்ளித்தான் நின்றேன்.

"மாஸ்டர்," என்றாள் அவள், நிமிராமலே, "நீங்கள் எண்ணுறது கேக்குது."