ஸ்டெல்லா மேடமும் கொழுப்புக் கடத்தியும்

"ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. எதைச் சொன்னாலும் "யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டவரின் சாவை எப்படிச் சட்டென்று நம்புவது? அவர் மகளுக்கே போன் போட்டேன். "நெசந்தான் அங்கிள்" என்றாள்.

தஞ்சாவூரில் எங்கள் நுண்ணுயிரியல் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கி எடுத்த சோதனைக்குழாயையும் நம்பமாட்டார், கேண்டீன் மோரையும் நம்பமாட்டார். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து தமிழில் ஒரு பாடநூல் எழுதினோம். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும் அத்தியாயம் என்னுடையது. சுவருக்கான கற்கள் உள்ளே தயாராகும். அவற்றைச் சவ்வு தாண்டி வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு கொழுப்பு மூலக்கூறு. 'கொழுப்புக் கடத்தி' என்று எழுதியிருந்தேன்.

"கடத்தியா? என்ன சார், ஆத்து மணல் கடத்துறவன் மாதிரி இருக்கு. போலீஸ் வந்துடப் போவுது!" என்றார் மேடம்.

வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். 'சுமைதூக்கி' என்று மாற்றினேன்.

அதோடு விட்டாரா? அதற்கு நான் வரைந்த படத்தைப் பிடித்துக்கொண்டார். என் அம்புக்குறி வெளியே மட்டும்தான் போயிற்று. "போனவன் திரும்பி வர வேணாமா? நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டைய லாரில ஏத்திட்டு லோடுமேன் அங்கயே நின்னுட்டா, அடுத்த மூட்டைய யாரு தூக்குவா?" நியாயம்தான். அந்த மூலக்கூறுகள் கொஞ்சமே உண்டு. வெறுங்கையோடு திரும்பினால்தான் சுவர் வளரும். அவை மறுபடி வேலைக்கு வருவதைத் தடுத்தே பாசிட்ராசின் மருந்து பாக்டீரியாவைக் கொல்கிறது.

திருத்தினேன். மறுபடி கேட்டார், மறுபடி திருத்தினேன். அவருடைய அத்தியாயங்களெல்லாம் அச்சுக்குப் போயின. என்னுடையது மட்டும் அவர் மேசையிலேயே கிடந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அட்டைல உங்க பேர் மட்டும் வரணும்னு பாக்குறீங்களா மேடம்?" என்று கேட்டே விட்டேன்.

"அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன்" என்று எழுந்து போனவர், அதன்பின் என்னோடு பேசவேயில்லை.

துக்கத்துக்குத் திருவையாற்றில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என்னைத் தனியாக அழைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு உங்க அத்தியாயத்த மட்டுந்தான் அங்கிள் எடுத்துட்டுப் போனாங்க. 'இவரு எழுதினதுல இனி கேக்க ஒண்ணுமில்ல, அனுப்பிடு. அட்டைல இவரு பேர முதல்ல போடச் சொல்லு'ன்னாங்க."

ஸ்டெல்லா மேடமா அப்படிச் சொன்னார்? என் மனசு ஆறட்டும் என்று பெண் தானாகச் சொல்கிறாளோ? பக்கத்தில் யார் இருந்தார்கள்? யார் காதால் கேட்டார்கள்?

இந்தச் சந்தேகப் புத்தி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். இதை விடமாட்டேன். விட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னதை நம்பிவிட்டால், என்னால் தாங்க முடியாது.