உப்புத்தண்ணி நாக்கு

கே.கே. நகரில் ஒரு காபிக் கடையில் எஸ்பிரஸோ போடும் வேலையில் இருந்தேன். முதலாளியம்மா யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். சிரித்துக்கொண்டேதான் பேசுவார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பயம்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் நின்றுபோய், கடை போர் தண்ணீருக்கு மாறியது. கொஞ்ச நாளிலேயே காபி கெட்டது. வாசனை போய் வெறும் கசப்பு நின்றது. கொட்டையை நைசாக அரைத்துப் பார்த்தேன், கொரகொரப்பாகவும் அரைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"தண்ணி மாறுனதுல இருந்துதான் மேடம் இப்படி இருக்கு" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கோப்பையையும் என் பக்கம் தள்ளுவார். "குடி. வீணாக்கக் கூடாது." கவுன்டரில், எல்லோரும் பார்க்க நின்றபடியே குடிப்பேன். மதியத்துக்குள் வயிறு எரியும். எங்கள் குடும்பத்தில் வயல் கூலிக்குப் போகாத முதல் ஆள் நான். வேலையை விட மனசு வரவில்லை.

ஒருநாள் அவருடைய தோழிகள் வந்திருந்தார்கள். என்னைக் காட்டி, "திருமங்கலம் பக்கம், காலனியில வளர்ந்த புள்ள. உப்புத்தண்ணி குடிச்ச நாக்குக்குக் காபி ருசி எங்க தெரியும்? பாவம்" என்றார். மற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் 'பாவம்' நெஞ்சில் குத்தி நின்றது.

பிறகு பெங்களூரில் பயிற்சி எடுத்த ஒருவரைக் கூட்டி வந்தார். என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பினார். புதியவர் போட்ட முதல் காபியும் திரும்பி வந்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவரை யாரும் குடிக்கச் சொல்லவில்லை.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு போல தம்பி" என்று முதலாளியம்மா அன்றே மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் பாய்லரைத் திறந்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளைப் பொருக்கு.

"ஆத்தாடி, எம்புட்டு உப்பு! இந்தத் தண்ணியில யாரு போட்டாலும் இப்படித்தாம்மா வரும். ஆர்.ஓ. போடுங்க. ஆனா வெறும் ஆர்.ஓ. தண்ணின்னா சப்புன்னு போயிரும். போர் தண்ணியையும் கொஞ்சம் கலந்துவிடணும்."

நான் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரிந்தது.

"பொருக்கையெல்லாம் நீயே சுரண்டி எடுத்துரு. தேய்க்கிற வேலைதான் உனக்கு நல்லா வரும்" என்றார்.

சாயங்காலம் வரை தேய்த்தேன். பொருக்கைக் கரைக்க மெக்கானிக் கொடுத்த கரைசல் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது.

ஆர்.ஓ. மாட்டிய அன்று, காபி வாசனை நான் பாத்திரம் கழுவும் இடம் வரை வந்தது. ஒரு கோப்பைகூடத் திரும்பவில்லை. "எல்லாம் எங்க புதுத் தம்பியோட கைப்பக்குவம்" என்று முதலாளியம்மா மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரனை அவிழ்த்து வைத்தேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்குப் போறேன் மேடம்."

"போ. அனுபவச் சான்றிதழ் கேட்டு மட்டும் வந்துராத." அதே சிரிப்பு.

வேறு காபிக் கடைகளில் வேலை கேட்டேன். அவருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, ஆள் வேண்டாம் என்றார்கள். இப்போது சிம்மக்கல்லில் ஒரு பிளாஸ்டிக் மொத்தக் கடையில் பில் போடுகிறேன். அந்தக் காபிக் கடையில் இன்றைக்கும் நல்ல கூட்டமாம், காபி பிரமாதமாம். என் அப்பாவிடம், கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.