பிரமிளாவுக்குக் கயிறு வேண்டாம்

பஸ் ஓட்டுகிற பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்று, மலேசியாவில் ஈப்போ பக்கத்து லகாட் ஊரில் கேட்காத வாய் இல்லை. பிரமிளா யாருக்கும் பதில் சொன்னதில்லை. பெரிய பஸ்ஸுக்கு லைசென்ஸ் எடுக்கப் போனபோதும் இதே வாய்கள்தான் சிரித்தன. இன்று அந்த வாய்களின் பிள்ளைகளைத்தான் அவள் தினமும் ஃபேக்டரியில் கொண்டு போய் இறக்குகிறாள்.

அவள் அப்பா தெலுக் இந்தான் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கியவர். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்ததும் குடும்பம் ஈப்போ பக்கம் நகர்ந்தது. அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணைக் கசக்குகிற ஆள் இல்லை பிரமிளா. "அங்கயே இருந்திருந்தா கொசுக்கடிதான் மிச்சம்" என்பாள்.

காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை பஸ்ஸுக்கும் வேலை இல்லை, அவளுக்கும் வேலை இல்லை. ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக்குட்டை ஓரம் நிழல் பார்த்து நிறுத்திவிட்டுச் சீட்டில் சாய்வாள். அந்தக் குட்டையில்தான் சிலர் பலகையில் பாய்மரப் பாயைக் கட்டி, அதன் மேல் நின்றபடி காற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நானும் ஏறிப் பாக்கவா?" என்று போய் நின்றாள். ஏறினாள், விழுந்தாள், குட்டைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். மறுநாளும் போனாள். அடுத்த தீபாவளிக்குள் குட்டையை நிற்காமல் சுற்றி வந்தாள். நாற்பது வயதில் இப்படி ஒரு ஆசை வரும் என்று அவளே நினைக்கவில்லை, வந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வருடம் லுமுட் பக்கம் நடந்த கடல் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டாள். போட்டியின் விதி சுலபமானது. எத்தனை தடவை வேண்டுமானாலும் விழலாம், எழுந்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் கையோ கயிறோ பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. பிரமிளா பாதி வழியில் ஓய்ந்து போனாள். மீட்புப் படகு கயிற்றைப் போட்டு அவளை வயிற்றில் பிடித்துத் தூக்கியது. அதை எவனோ வீடியோ எடுத்துவிட்டான். அன்று சாயங்காலமே தாமான் குடியிருப்பு முழுக்க அது ஓடியது. நாத்தனார் புஷ்பலதா கல்யாண வீட்டில்கூட விடவில்லை. "அண்ணி, நெத்திலி மூட்டை மாதிரில தூக்கிப் போட்டானுங்க!"

பிரமிளாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். பரிசு அவளுக்கு வேண்டாம். இந்த வருடம் ஒருத்தர் கையும் படாமல் தானே கரையேற வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும்.

அதற்காகப் பழைய பலகை ஒன்றைச் சொந்தமாக வாங்கினாள். கணவன் யுகேந்திரன் லாரி டிரைவர். புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நகரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ரோட்டோர முனீஸ்வரன் கோயிலுக்குப் பலகையைத் தூக்கிப் போனார்கள்.

"இதுக்கு டயர் எங்கங்க இருக்கு?" என்றாள்.

"டயர் இல்லாட்டி என்னா? வண்டி வண்டிதான் லா. நீ ஏறி நில்லு, நான் தள்ளுறேன்."

சிமெண்டுத் தரையில் நாலு பழத்தை வைத்து, அதன் மேல் பலகையை வைத்து, அதன் மேல் பிரமிளாவை நிறுத்தி, யுகேந்திரன் மூச்சுப் பிடித்துத் தள்ளினான். 'கடக்' என்று ஒரு சத்தம். பழம் நசுங்கிவிட்டதென்று எல்லோருக்கும் சந்தோஷம். பலகையின் அடியில், பின்பக்கம், மீன் செதில் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும், ஃபின் என்பார்கள். பலகை நேராக ஓடுவது அதனால்தான். அதைக் கவிழ்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பூசை போட்ட வண்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

போட்டியன்று காற்று அருமையாக இருந்தது. முதல் மிதவையைச் சுற்றும்போது அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். பிரமிளாவுக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவது மிதவையையும் சுற்றிக் கரையைப் பார்த்துத் திரும்பினாள். பலகையின் வால் சர்ரென்று ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீரில் விழுந்தாள். அடியில் கைவிட்டுத் தடவினாள். ஃபின் இருந்த இடத்தில் முறிந்த முனைதான் குத்தியது. 'கடக்' சத்தத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது: அன்று விரிசல், இன்று முறிவு.

"எலுமிச்சம்பழமாம், எலுமிச்சம்பழம்!" என்று கடலுக்குக் கேட்கும்படி புருஷனைத் திட்டினாள்.

ஏறினாள், விழுந்தாள். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். மீட்புப் படகு பக்கத்தில் வந்தது. போன வருடம் அவளைத் தூக்கிப் போட்ட அதே சுரேன்தான், கையில் கயிறோடு.

"அக்கா, ஏறிடுங்க லா. எல்லாரும் போயாச்சு."

"கயிற உள்ள வையி தம்பி."

"ஃபின் இல்லாம எப்படிக்கா போவீங்க? அங்க பாறை இருக்கு. அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போச்சுன்னா கேக்க மாட்டேன், கயிறு போட்டுருவேன்."

"அங்க போனா போடு. இப்ப தள்ளி நில்லு."

பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். மழையில் செம்மண் பாதையில் பஸ்ஸின் பின்பக்கம் வழுக்கும்போது அவள் என்ன செய்வாள்? பிரேக்கை மிதிக்க மாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடுங்கவும் மாட்டாள். வண்டி போகிற போக்குக்குக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் திருப்புவாள். பலகையின் நடுவில் ஏற்றி இறக்குகிற நீளத் துண்டைத் தண்ணீருக்குள் முழுசாக இறக்கினாள். பாய்மரத்தின் அடியில் ஒட்டி நின்று முழங்காலை மடக்கினாள். வால் இழுத்தபோது பாயை லேசாகத் தளர்த்தினாள். அடங்கியதும் மெல்லப் பிடித்தாள். பலகை முனகிக்கொண்டே நகர்ந்தது.

பாறை நெருங்கி வந்தது. சுரேன் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தான். பிரமிளா அவனையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. காலை ஒரு பக்கம் அழுத்திப் பாயைச் சாய்த்தாள். பலகை மூக்கைத் திருப்பிப் பாறையைத் தாண்டியது. "அம்மாடி!" என்று கத்தியவன் சுரேன்தான்.

முடிவுக் கொடி கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சட்டை பேண்ட்டோடு யுகேந்திரன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். பெண்டாட்டி தள்ளாடுவதைக் கரையிலிருந்து எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பான், பாவம்?

"பிரமி! புடிச்சிட்டேன், வா!"

"தொடாதீங்க!"

 ஃபேக்டரி வாசலில் குறுக்கே வருகிற மோட்டார் சைக்கிள்களை நிறுத்துகிற குரல் அது. யுகேந்திரன் நீட்டிய கையை அப்படியே தலைக்கு மேல் தூக்கினான். கண்ணில் நீர் வழிய அசையாமல் நின்றான். பலகை அவன் இடுப்பை உரசாமல், ஒரு முழம் தள்ளி, மெதுவாகக் கடந்து போனது. பிரமிளா திரும்பவே இல்லை. கொடிக்கும் மிதவைக்கும் நடுவில் பலகையின் மூக்கு நுழைந்தது. கடைசியாக வந்தவளுக்குக் கிடைத்த அளவு கைதட்டல் அங்கே வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

கொடியைத் தாண்டியதும் பாயைத் தண்ணீரில் போட்டாள்.  பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி இன்னும் நின்றுகொண்டிருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப வந்து புடிங்க" என்றாள்.