தம்பியின் வண்டிக்கு நான் விட்ட எண்ணெய்

2024 மார்ச் 16, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஆறு மணிக்குச் சாயா. தக்கலையில் உள்ள என் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. அதனால் ஆறரைக்குத் தம்பியின் டர்ட் பைக்கை வீட்டின் பின்பக்கம் நிறுத்தி, முந்தின நாள் கழுவிக் காயவைத்திருந்த ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்தேன்.

தம்பி கல்ஃபிலிருந்து வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவனிடம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தான். “வாரம் ஒருக்கா ஓட்டணும் அண்ணே, சும்மா போட்டா செத்துப்போவும்” என்று சொல்லியிருந்தான்.

ஓட்டினேன். ஞாயிறுதோறும் இராஜாக்கமங்கலத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்புக்கு அதில்தான் போனேன். தோப்புக்குப் போகும் வழி முழுக்கப் பொடிமணல். எனவே ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஃபில்டரைக் கழற்றுவேன். பார்க்க வெறும் ஸ்பாஞ்சுதான்; எஞ்சின் மூச்சு விடுவது அதன் வழியாக. மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நிழலில் காயவைத்து, மறுநாள் எண்ணெய் விட்டுப் பிசைந்து மாட்டுவேன். மாட்டிய தேதியை டைரியில் எழுதுவேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

அன்றும் அப்படியே மாட்டினேன். தம்பி உதைத்தான். ஏழாவது உதைக்குத்தான் கிளம்பியது. பின்னால் நீலப் புகை.

“புகை வருதே அண்ணே.”

“கொஞ்ச நாளா உண்டு. பெட்ரோல் சரியில்ல” என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அவன் நம்பவில்லை. வடசேரியில் அவனுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஃபில்டரைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாரே, இதுல என்ன எண்ணெ விட்டிய?”

“தேங்கா எண்ணெ. எங்க தோப்புத் தேங்காதான். வீட்டுல காயவச்சு ஆட்டுனது.”

“அப்பம் நல்ல எண்ணெயாக்கும். வண்டிக்குத் தல சீவிப் பூவும் வச்சியளா?”

அங்கே டயர் மாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். மெக்கானிக் ஃபில்டருக்கு உள்பக்கம் இருந்த ரப்பர் குழாயில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் மணல். அதை ஒரு பேப்பரில் தட்டினார்.

“இதுக்கு ஒட்டுற எண்ணெ வேணும் சாரே, தூசி அதுல பிடிச்சு நிக்கும். தேங்கா எண்ணெ கீழ வடிஞ்சிரும், மேல ஸ்பாஞ்சு காஞ்சு கெடக்கும். மணலு நேரே எஞ்சினுக்குள்ள போயிருக்கு. பிஸ்டனெல்லாம் தேஞ்சாச்சு.”

தம்பி என் பக்கம் திரும்பினான். “நான் அதுக்குன்னே ரெண்டு குப்பி குடுத்துவிட்டேனே அண்ணே?”

“அலமாரில இருக்கு.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

கல்ஃபிலிருந்து வரும் எதையும் எங்கள் வீட்டில் உடனே பிரிப்பதில்லை. சென்ட், சோப்பு, பாதாம் டப்பா எல்லாம் அலமாரிக்குப் போய்விடும். யாராவது முக்கியமானவர்கள் வந்தால் எடுக்கலாம் என்று பூட்டிவைப்போம். அந்தக் குப்பிகளும் அப்படித்தான் உள்ளே போயின. ஃபில்டர் எண்ணெயை எந்த விருந்தாளிக்கு எடுக்கப் போகிறேன் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெளிநாட்டுச் சாமானை எதற்கு வீணாக்க வேண்டும், வீட்டில்தான் எண்ணெய் இருக்கிறதே என்று நினைத்தேன். பழியை வேறு யார்மேலும் போட முடியாது. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

“மலைல ஏறுமா?” என்று தம்பி கேட்டான்.

“ஏறும். பாதி தூரம்” என்றார் மெக்கானிக். “புது ஃபில்டர் இப்பமே மாட்டித் தாறேன். எஞ்சின் சாமான் வெளியிலேர்ந்து வரணும். மூணு வாரம் ஆவும்.”

புது ஃபில்டரில் சரியான எண்ணெயைத் தடவி, இரண்டு தரம் அமுக்கி, மாட்டிவிட்டார். ஐந்து நிமிட வேலை. நான் அரை மணி நேரம் செய்வேன். பழையதைக் குப்பை டின்னில் போட்டார். அதில் ஒரு கிழிசல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவனை நான் திட்டுவது ஒன்றுதான்: “ஒனக்கு ஒரு சாதனத்த ஒழுங்கா வச்சிக்கத் தெரியுமா?” வடசேரியில் நின்று அவன் அதை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். அவன் சாயா வாங்கித் தந்தான். “விடுங்கண்ணே, அறியாம செஞ்சதுதானே” என்றான். ஐம்பத்து மூன்று வயதில் என்னைப் பற்றி யாரும் சொல்லாத வார்த்தை அது. அந்தச் சாயாவை நான் முழுதாகக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “தோட்டத்துக்காரர்ட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு நாக்கு எழும்பாது” என்றான். டைரியில் அன்றைய பக்கத்தில் ‘ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் எழுந்ததும் மோட்டார் போடவில்லை. முதலில் தோட்டத்துக்காரருக்கு ஃபோன் செய்தேன். எஞ்சின் போய்விட்டது, மூன்று வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

“புது வண்டின்னுல்லா தம்பி சொன்னாரு. இவ்வளவு நாளும் அத ஆரு பாத்தா?”

“நான்தான்.”

“செரி, நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்று வைத்துவிட்டார். எதையும் மறைக்கவில்லை என்று தம்பிக்குத் தெரியட்டும் என்பதற்காக நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டான்.