கண்ணாஸ்பத்திரி மாடியில் ஒரு கொட்டாவி

இப்போதும் யாராவது எதிரில் கொட்டாவி விட்டால் மனநல கவுன்சிலிங் தந்த மேடத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. பிறந்த அன்றே போய்விட்ட என் பெண் குழந்தையைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தேன். மேடம் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டார். பாதியில் நிறுத்தினேன். "சொல்லுங்க சார்" என்றார். "அவ்ளோதாங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சூளைப் பிரிவில் நான் சூப்பர்வைசர். ஆபரேஷன் மயக்கம் மனைவிக்குத் தெளியும் முன்பே குழந்தையை அடக்கம் செய்துவிட்டோம். அதன்பின் எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தையின் பேச்சை எடுத்தாலே மனைவி அழுவாள். அழுதால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவேன். தூக்க மாத்திரை கேட்கப்போன டாக்டர்தான், வாரம் ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து வரும் மேடத்திடம் அனுப்பினார். மேடம் என்னைவிடச் சின்னவர். அவர் அறை கண்ணாஸ்பத்திரியின் மாடியில் இருந்தது என் அதிர்ஷ்டம். கண் கோளாறு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சூளைத் தீயையே பார்த்துக்கொண்டிருப்பவனை யார் சந்தேகப்படுவார்கள்? மனைவி பொன்னாங்கண்ணிக் கீரையாகச் சமைத்துப் போட்டாள். அதை வாய் திறக்காமல் தின்றேனே, அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

முதல் நாளே மேடம், இங்கே வந்து என்ன ஆகணும்னு நினைக்கிறீங்க என்று கேட்டிருந்தார். தூக்கம் வந்தால் போதும் என்றேன். "என்கிட்ட எப்படிப் பழகுறீங்களோ, அப்படித்தான் மத்தவங்ககிட்டயும் பழகுவீங்க. அத நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். மாத்திரை தராத டாக்டரம்மா வேறென்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டாவிக்கு அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போய், லோடு ஏற்றும் வேலை என்று புளுகினேன்.

"நான் கொட்டாவி விட்டதும் பேச்சை நிறுத்திட்டீங்க. என் மேல கோவம்தானே?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க."

"இருந்தா சொல்லுங்க சார்" என்றார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஆமாங்க! என் புள்ள செத்தது உங்களுக்குத் தூக்கம் வர்ற கதையாப் போச்சு!" என்று கத்திவிட்டேன். கீழே கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கூனிக் குறுகிப் போனேன்.

மேடத்தின் முகம் சிவந்தது. "தப்பு என் மேலதான் சார், மன்னிச்சிடுங்க. கோவத்த என் முகத்துக்கு நேரா சொன்னீங்க. நானும் எழுந்து போயிடல, நீங்களும் போகல. இது உங்க வீட்லயும் நடக்கணும். அதுக்குத்தான் நீங்க இங்க வர்றீங்க."

விட்ட இடத்திலிருந்து குழந்தையின் கதையைச் சொல்லி முடித்தேன். மேடம் அசையாமல் கேட்டார்.

அன்று வீட்டில் தட்டில் கீரை விழுந்ததும் சொல்லிவிட்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, மாடியில் ஒரு மேடத்திடம் பாப்பாவைப் பற்றிப் பேசத்தான் போகிறேன் என்று. மனைவி சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன், அற்பன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட எம்புள்ளயப் பத்திச் சொல்லியிருக்கீங்க. பாப்பா முகத்த நம்ம ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. நான் பாக்கவே இல்ல. இதே வூட்டுலதான நானும் இருக்கேன், என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

அழத் தொடங்கினாள். வழக்கமாக நான் எழுந்து போகும் நேரம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், கையில் சோறு காய, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்:

"பாப்பாவுக்கு உன்னோட மூக்கு."