கூடவோ குறையவோ அஞ்சு சதவீதம்

எங்க அத்தானைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி வியாபாரிகள் சங்கத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஏதோ மலர் போடறாங்களாம். "அவர் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் இருந்திருக்கீங்க, மச்சினி வேற. உங்களை விட்டா யாரு எழுதுவாங்க?"ன்னு கேட்டாங்க. சரின்னு தலையாட்டிட்டேன். இதை அவங்க போட மாட்டாங்க. போடாட்டிப் போகட்டும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். அத்தான் உழைப்பாளி. எங்க அக்காவைக் கட்டினப்ப அவருக்குன்னு இருந்தது ரெண்டு சட்டையும் ஒரு வாயும்தான். மொத்தக் கடைத் தெருவுல, படியேறினா முட்டி இடிக்கிற ஒரு மாடி அறை. அதுல ஒரு மேஜை, ஒரு போன். அந்த வாயை வெச்சே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டுல இருந்து கொண்டைக்கடலை இறக்கினார், இங்கேருந்து சர்க்கரை ஏத்தினார். கடலையை நகத்தால கீறிப் பார்த்து எத்தனை மாசம் கிடங்குல கிடந்ததுன்னு சொல்லிடுவார். அதுல அவரை ஏமாத்தினவன் கிடையாது.

நான் டைப் படிச்சிருந்தேன். "வெளி ஆள் எதுக்கு, உன் தங்கச்சியை வரச் சொல்லு"ன்னு அக்காகிட்ட சொல்லி என்னை உட்கார வெச்சார். ஒப்பந்தம், கப்பல் ரசீது, சரக்கு எங்கே விளைஞ்சதுங்கிற சான்றிதழ், எல்லாம் என் கை வழியாத்தான் போகும். ஒரு காகிதம் சரியில்லைன்னா சரக்கு துறைமுகத்துலயே கிடக்கும். அதனால எதை அடிச்சாலும் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் அவர் மேஜைக்கு அனுப்புவேன். என் வேலையில அவரே குறை கண்டுபிடிச்சதில்லை, அவ்வளவு சுத்தம்.

சேர்ந்த ரெண்டாவது மாசமே ஒரு வித்தை கத்துக்கொடுத்தார். சர்க்கரை ஒப்பந்தத்துல ஐநூறு டன்னுன்னு போட்டா, அதுக்குக் கீழேயே 'கூடவோ குறையவோ அஞ்சு சதவீதம், அனுப்புறவர் விருப்பம்'னு ஒரு வரி வரும். மூட்டை கிழியும், எடை மாறும், அதுக்காக உலகம் பூரா போடற வரிதான். ஆனா அத்தான் அதை வெச்சுப் பிழைச்சார். கப்பல் ஏத்தறதுக்குள்ள விலை ஏறிடுச்சா, நானூத்தி எழுபத்தஞ்சு டன் மட்டும் அனுப்பிட்டு மிச்சத்தை வேற ஆளுக்குத் தள்ளிடுவார். வாங்கினவன் குதிச்சா, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்"ன்னு போன்லயே சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன். பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கடலை நாட்டுக்கு எங்க ஊர்ல தூதரகம் கிடையாது. அவங்க சார்பா முத்திரை குத்த உள்ளூர்ல ஒரு பெரிய மனுஷன் வேணும். அத்தானைக் கௌரவ தூதர் ஆக்கினாங்க. சம்பளம் இல்லை. ஒரு பித்தளைப் பலகை, ஒரு கொடி, ஒரு முத்திரை. அவ்வளவுதான், அத்தானுக்குத் தலைகால் புரியலை. கொடி சுருங்கியிருக்குன்னு அக்கா வாராவாரம் இஸ்திரி போடுவா. அப்புறம் நகரசபைத் தேர்தல். முதல் தடவை தோத்தார், ரெண்டாவது தடவை ஜெயிச்சார். சாக்கடை அடைப்பைப் பத்திப் பேச எழுந்தாலும் "ஒரு நாட்டின் பிரதிநிதி என்ற முறையில்"னுதான் ஆரம்பிப்பார். சபையில பாதிப் பேர் அதுக்குள்ள டீ குடிக்கப் போயிடுவாங்க.

எங்க வீட்டுக்காரர் கிரேன் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார், கையில எப்பவும் கிரீஸ் வாசம். அந்த நாட்டுத் துறைமுகத்துல புதுசா கிரேன் நிறுத்தறாங்க, ஆள் வேணும்னு தகவல் வந்ததும் அத்தான் இவரைப் பிடிச்சார். "சகலை, ரெண்டே வருஷம். சம்பாதிச்சுட்டு வந்து வீட்டைக் கட்டுங்க. அங்க ஏதாவது ஒண்ணுன்னா நான் இருக்கேன்ல?" அப்போ எங்க பொண்ணுக்கு ஏழு வயசு. இவர் போயிட்டார். இவரோட சேர்த்து எங்க நாட்டுக்காரங்க இருநூத்தி நாற்பது பேர் அந்தத் துறைமுகத்துல வேலை பார்த்தாங்க.

ஒன்றரை வருஷத்துல அங்கே ஆட்சி கவிழ்ந்தது. புதுசா வந்தவங்க எங்க அரசாங்கத்தோட சண்டை பிடிச்சு, பாஸ்போர்ட்டையெல்லாம் பிடுங்கிக்கிட்டு, இருநூத்தி நாற்பது பேரையும் துறைமுகக் கொட்டகையிலயே அடைச்சுட்டாங்க. எங்க தூதரகத்தை மூடி எல்லாரையும் வெளியே அனுப்பிட்டாங்க. பேச ஆளே இல்லை. கடைசியில எங்க வெளிநாட்டுத் துறைக்கு ஞாபகம் வந்தது அத்தான்தான். அந்தப் புது அரசாங்கத்துல வர்த்தக மந்திரி யாருன்னா, அத்தானுக்கு இருபது வருஷமா கடலை அனுப்பின பார்ட்டி. எங்க ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'மூட்டைக்காரர்'.

மூட்டைக்காரர் ரெண்டு ஆளோட வந்து எங்க ஊர் ஓட்டல்ல தங்கினார். ரெண்டு நாள்தான் இருப்பேன்னுட்டார். எங்க துறைக்காரங்க பக்கத்து அறையில கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு வியாபாரிங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, சர்க்கரை பேரம் பேசற மாதிரியே ஆளுங்களைப் பேசினாங்க. அவங்களுக்கு மருந்தும் சர்க்கரையும் வேணும், எங்களுக்கு ஆளுங்க வேணும். நான் மூலையில கம்ப்யூட்டரோட. என் புருஷனைத்தான் பேரம் பேசறாங்க, என் கை பாட்டுக்கு அடிக்குது.

"பேர்ப் பட்டியல் சேர்க்க வேணாமா அத்தான்?"னு கேட்டேன்.

"பேர்ல இறங்கினா ஒவ்வொரு பேருக்கும் ஒரு வாரம் இழுப்பாங்க. எண்ணிக்கை போதும். இருநூத்தி நாற்பது. போன மாச ஒப்பந்தம் ஒண்ணு இருக்குமே, அதைத் திறந்து அதுலயே மாத்திடு. நேரம் இல்லை."

மாத்தினேன். 'சரக்கு'ன்னு இருந்த இடத்துல 'ஆட்கள்', 'டன்' இருந்த இடத்துல 'பேர்'. ஈரப்பதம் பத்தின பாராவை எடுத்தேன், பூச்சி பத்தினதை எடுத்தேன். அளவு பத்தின பாரா அப்படியே நின்னுடுச்சு. அத்தான் பார்த்தார், எங்க துறைக்காரர் பார்த்தார், மூட்டைக்காரர் பார்த்தார். மூட்டைக்காரர் மட்டும் அந்த அளவு பாராவைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் படிச்சார். அப்புறம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பல் பன்னெண்டு நாள் கழிச்சுக் காலையில வந்தது. துறைமுகம் முழுக்க கேமரா. அத்தான் புதுக் கோட்டுல முன்னாடி நிக்கிறார். இறங்கறவங்க ஒவ்வொருத்தரும் அவர் கையைப் பிடிச்சு அழறாங்க. என் பொண்ணு அப்பாவுக்குன்னு புதுச் சட்டை மடிச்சுக் கையில வெச்சிருக்கா. ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க, இவர் வரலை. கடைசியா ஒருத்தர் நொண்டிக்கிட்டே இறங்கினார். அதுக்கப்புறம் மாலுமிங்க ஏணியைத் தூக்க ஆரம்பிச்சாங்க.

நான் ஓடிப்போய் அந்த நொண்டினவரைப் பிடிச்சேன். "கிரேன் மெக்கானிக்குங்க, உயரமா இருப்பாரு…"

"ஐயோ, அவங்களா? ஏத்தறதுக்கு முன்னாடியே தனியா நிறுத்திட்டாங்கம்மா. கிரேன்காரங்க, வெல்டர், கரண்ட் வேலை பார்க்கிறவங்க. பன்னெண்டு பேரு. அவங்க இல்லாட்டி துறைமுகம் ஓடாதாம்."

பன்னெண்டுன்னு காதுல விழுந்ததும் எனக்குக் கணக்குப் போட வேண்டியே இருக்கலை. இருபத்தி நாலு வருஷமா போட்ட கணக்கு. இருநூத்தி நாற்பதுல அஞ்சு சதவீதம் பன்னெண்டு. அனுப்புறவர் விருப்பம். எங்க பேப்பர்படி மூட்டைக்காரர் ஒரு தப்பும் பண்ணலை. நல்லதை நிறுத்திக்கிட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கார், அத்தான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கார்ல ஏறினதும் சொன்னேன். அத்தான் முகம் செத்துப்போச்சு. ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள வாய் வந்துடுச்சு. "வெளியே மூச்சு விடாதே. அந்த வரி விஷயம் பேப்பர்ல வந்தா அவங்க பிடிவாதம் பிடிப்பாங்க. நான் மூட்டைக்காரர்கிட்ட நைசா பேசி எடுத்துடறேன். ஆறு மாசம் கொடு." அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "சொன்னா செய்வாருடி. என் மேல சத்தியமா செய்வாரு." நம்பினேன். நம்பாம வேற என்ன பண்றது?

அடுத்த தேர்தல்ல அத்தான் பாராளுமன்றத்துக்கே நின்னார். சுவர் சுவரா 'இருநூத்தி இருபத்தெட்டு குடும்பங்களின் விளக்கு'ன்னு எழுதியிருந்தது. அந்தச் சுவர் வழியாத்தான் என் பொண்ணு பள்ளிக்கூடம் போவா. மத்த பதினோரு பேர் வீட்டுப் பொம்பளைங்க மாசா மாசம் ஆபீசுக்கு வருவாங்க. உட்கார வெச்சுத் தண்ணி கொடுப்பேன். "பேச்சுவார்த்தை நடக்குது"ன்னு சொல்லி அனுப்புவேன். உங்க வீட்டுக்காரரும்தானே அங்க இருக்காரு, நீங்க சொன்னா சரிதான்னு அவங்களும் போயிடுவாங்க. அதைக் கேட்கறப்ப எனக்குத் தரையில புதைஞ்சுடலாம் போல இருக்கும்.

ஆறு மாசம் ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் பழைய காகிதம் தேடறப்ப அவர் சொந்த அலமாரியில ஒரு கடிதம் கிடைச்சது. நான் அடிச்சதில்லை, வெளியே யார்கிட்டயோ கொடுத்து அடிச்சிருக்கார். 'ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறியது, எங்கள் தரப்பில் குறை ஏதும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு மூட்டைக்காரருக்கு அனுப்பியிருக்கார். தேதி பார்த்தேன். கப்பல் வந்த மூணாவது வாரம்.

அதை அவர் மேஜையில போட்டுக் கேட்டேன். "இதுதான் நைசா பேசறதா அத்தான்?"

"இந்தக் காகிதம் கொடுக்கலைன்னா கொடுக்கல் வாங்கலே நின்னுருக்கும். அப்புறம் எதை வெச்சுப் பேசறது? அதுவும் இல்லாம, ஒப்பந்தப்படி பார்த்தா நிறைவேறினதுதானே?"

"வாய் கூசலையா உங்களுக்கு?"

"கத்தாதே. வெளியே போய்ச் சொல்லணும்னா சொல்லு. அந்த வரியை யாரு அடிச்சான்னு முதல்ல உன்னைத்தான் கேட்பாங்க. அந்தப் பதினோரு பொம்பளைங்களும் கேட்பாங்க."

அன்னைக்கே வேலையை விட்டேன். ஆனா வெளியே சொல்லலை. அக்கா வாழ்க்கை போயிடும்னு எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டேன். அது காரணமே இல்லைன்னு எனக்கும் தெரியும். அத்தான் சரியான இடத்துல கையை வெச்சிருந்தார்.

எங்க வீட்டுக்காரர் வந்து சேர்ந்தது அஞ்சாவது வருஷம். அங்கே கிரேன் எல்லாம் துருப்பிடிச்சு நின்னுபோச்சாம், இனி வேலைக்காகாதுன்னு ஒவ்வொருத்தரா விட்டிருக்காங்க. ரெண்டு பேர் அங்கேயே காய்ச்சல்ல போயிட்டாங்க. இவர் சரக்குக் கப்பல் ஒண்ணுல மூலையில உட்கார்ந்து வந்தார். வலது கையில ரெண்டு விரல் இல்லை. பொண்ணுக்கு அடையாளம் தெரியலை, "யாரும்மா?"ன்னு என்கிட்ட வந்து கேட்டா.

அத்தான் அப்போ நிஜத் தூதர், ஆளுங்களை மீட்டவர்னு எங்க அரசாங்கமே வேற ஒரு பெரிய நாட்டுக்கு அனுப்பியிருந்தது. லீவுல வந்திருந்தவர் அக்காவைக் கூட்டிக்கிட்டு, ஒரு கூடை ஆரஞ்சோட எங்க வீட்டுக்கு வந்தார். "சகலை, எத்தனை கதவைத் தட்டினேன் தெரியுமா? விடாம பேசிப் பேசித்தான்…"ன்னு ஆரம்பிச்சார். இவர் எழுந்து நின்னு அந்த மூணு விரல் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "உங்களாலதாண்ணே உசிரோட வந்தேன்."

அதுக்கு மேல என்னால தாங்க முடியலை. உள்ளே போய், வேலையை விட்டப்ப எடுத்து வெச்சிருந்த ஒப்பந்தத்தோட நகலை எடுத்துட்டு வந்து இவர் கையில கொடுத்தேன். அக்கா "வேணாம்டி"ன்னா. அத்தான் கூடையையே பார்த்துக்கிட்டு இருந்தார். அளவு பாராவை விரலால காட்டினேன். கூடவோ குறையவோ அஞ்சு சதவீதம்னா என்னன்னு சொன்னேன். இருநூத்தி நாற்பதுல எத்தனைன்னும் சொன்னேன்.

இவர் மெதுவாப் படிச்சார். எந்திரத்தைப் பிரிச்சுப் பார்க்கிறவர் இல்லையா, எல்லாத்தையும் நிதானமாத்தான் பார்ப்பார். படிச்சு முடிச்சு அத்தானைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தார்.

"இதை யாரு டைப் அடிச்சது?"

"நான்தான்."

"அவசரத்துல படிக்காம விட்டுட்டியா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா நம்பியிருப்பார். அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு நின்னார்.

"இல்லைங்க. ரெண்டு தடவை படிச்சேன். எல்லாம் சரியா இருக்குன்னுதான் கையெழுத்துக்கு வெச்சேன்."