காரைக்காலில் ஜெயித்துத் தொலைத்த ஆட்டம்

சித்திரை பிறந்த கையோடு காரைக்கால் போய் வந்தோம். கூடைப்பந்து அணியை அழைத்துக்கொண்டு அங்கே போக நினைப்பவர்களுக்கு உதவட்டுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைப் பக்கத்து மில் ஒன்றின் அணிக்குப் பயிற்சியாளராகப் போனேன். மில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கிறது. தறிப் பக்கம் அவர்கள் பேருக்கு எட்டிப் பார்ப்பார்கள். போன வருடம் பெரிய ஆட்டக்காரர்கள் நால்வரும் நல்ல வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஆறு புதுப் பையன்கள். கோடைப் போட்டிகள் தொடங்குமுன் இவர்களை ஓர் அணியாக்க வேண்டும். காரைக்கால் ஆட்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள், கைக்குக் கை பறக்கவிடுவார்கள். அவர்களிடம் நன்றாக உதை வாங்கினால் என் பையன்களுக்குப் புத்தி வரும் என்பது என் கணக்கு.

மாயவரத்தில் வண்டி மாறி, பேரளத்தில் இன்னொரு தரம் மாற வேண்டும். பேரளத்திலிருந்து பதினான்கு மைல் சொச்சம். பிரெஞ்சுக்காரன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லையில் பெட்டியைக் குடைகிற சோதனை இப்போது கிடையாது. ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு ஜட்கா எட்டணா. பத்தணா கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ஜட்காக்காரர்தான் முதலில் குண்டைப் போட்டார்.

“ரம்ஜான் நோன்பு நாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம் வச்சிருக்கீங்களே, ஏங்க?”

“காலையில ஆறரைக்குல்ல?” என்றேன்.

“இல்லீங்களே. நாளைக்கு நாலு மணின்னுதான் ஊர் பூராப் பேச்சு.”

எங்களோடு மில் செயலாளரும் வந்திருந்தார். பந்தைக் கையால் தொட்டறியாத மனிதர். அவரைக் கேட்டேன். சிரித்தார்.

“நான்தான் மாத்தச் சொன்னேன் மாஸ்டர். காரைக்கால்காரனுங்க நோன்புல பச்சைத் தண்ணி பல்லுல படாம வருவானுங்க. நாலு மணிக்கு ஓட முடியுமா? முதலாளிக்கு ஒரு வெற்றியைக் காட்டணும்ல?”

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. காரைக்கால் அணித் தலைவர் யூசுப் பாயின் ஜவுளிக்கடைக்கு நேரே போனேன். எதற்குச் சம்மதித்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“விருந்தாளியா வர்றவங்க கேட்டாங்க. முடியாதுன்னு எப்படிங்க சொல்றது?”

“இப்பவே மாத்திடலாம் பாய்.”

“வேணாங்க, எல்லாருக்கும் சொல்லியாச்சு. மறுநாள் காலையில இன்னொரு ஆட்டம் ஆடுவோம். விடியுமுன்ன சஹர் சாப்பிட்டுட்டுத் தெம்பா வர்றோம். அது உங்க பசங்களுக்காக.”

இப்படியும் மனிதர்கள்! செயலாளரோ, புதுப் பையன்களில் யார் அதிகம் புள்ளி எடுக்கிறானோ அவனுக்குத்தான் வேலை நிரந்தரம், கடைசியில் நிற்பவன் வீட்டுக்கு என்று அன்று மாலையே அறிவித்துவிட்டார். நான் சின்னதுரையைத்தான் திரும்பிப் பார்த்தேன். சிதம்பரத்துப் பையன், ஆறடி இரண்டங்குலம். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவன்தான். கூடைக்கடியில் நின்று இரண்டு பேரைத் தன் பக்கம் இழு, பிறகு ஆளில்லாமல் நிற்பவனுக்குப் பந்தைக் கொடு என்று மூன்று மாதமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். புள்ளி அவன் கணக்கில் ஏறாது.

“நாளைக்கு நீயே போடுடா” என்றேன்.

“அப்படி ஆடினா டீம் எப்படி மாஸ்டர் உருப்படும்?” என்றான்.

ஆட்டத்தில் முதல் பாதி வரை அவர்கள்தான் முன்னால். பிறகு வெயில் வேலையைக் காட்டியது. அவர்களில் ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூசுப் பாயின் உதடு வெடித்திருந்தது, வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. எங்கள் பையன்கள் காலி வீட்டில் புகுந்த மாதிரி ஓடி ஓடிப் போட்டார்கள். சின்னதுரை பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். 52-29. அவன் எடுத்தது இரண்டு புள்ளி. ஒருவரும் கைதட்டவில்லை. “அணி தயார்” என்று முதலாளிக்குத் தந்தி அடிக்கச் செயலாளர் ஓடினார். தோற்றவர்கள் நோன்பு திறந்ததும் எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு கிண்ணம் நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். மானம் போயிற்று. வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை சொன்னபடி வந்தார்கள். என்ன ஆட்டம்! பந்து போன திசை தெரியாமல் என் பையன்கள் விழித்தார்கள். சின்னதுரை மட்டும் அசரவில்லை. அவன் இழுத்து இழுத்துக் கொடுத்ததில்தான் பின்பாதியில் மற்ற ஐவரும் ஆடவே கற்றுக்கொண்டார்கள். எட்டுப் புள்ளியில் தோற்றோம். இந்தத் தோல்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். செயலாளர் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். சின்னதுரையை நிறுத்துவதாக அவன் பெயரோடு நேற்றே தந்தி போய்விட்டதாம்.

திரும்பும்போது மாயவரத்தில் சின்னதுரை பிரிய வேண்டும். சிதம்பரம் வண்டி அவனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த செயலாளர் அவன் காலைப் பார்த்தார்.

“ஷூ மில்லோடது தம்பி. கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

அவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து என்னுடையதை அவிழ்த்தேன். இரண்டு ஜோடியையும் செயலாளர் மடியில் வைத்தேன்.

“என்ன மாஸ்டர் இது?”

“மில்லோடதுதானே? வச்சுக்குங்க.”

போகிறவர்களுக்கு: நோன்பு மாதமென்றால் காலை ஆட்டம் கேளுங்கள். குடிதண்ணீர் விடுதியிலேயே நன்றாக இருக்கிறது. மாயவரம் பிளாட்பாரம் சித்திரை மத்தியானத்தில் கொதிக்கும், வெறுங்காலோடு ஐந்தடி நடக்க முடியாது. சிதம்பரம் வண்டி நிற்கும் இடம் வரை நாங்கள் இருவரும் நடந்தோம்.